அம்மாவின் சிகிச்சைத் தாளில் அறுவை ஏன் முதலில் இல்லை?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டதால் மம்மோகிராம், பயாப்சி, பெட் ஸ்கேன் எல்லாம் எடுத்தோம். கோப்பில் ‘டி2 என்1 எம்0, ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ், ஹெர்2 3+’ என்று எழுதி, அதன் கீழே ‘டி.சி.எச்.பி. 6 சுற்று, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு, டிராஸ்டுசுமாப் மொத்தம் ஓராண்டு’ என்று குறித்திருக்கிறார்கள். எங்கள் ஊர் அறுவை மருத்துவர் ஒருவர், அடுத்த வாரமே கட்டியை எடுத்துவிடலாம் என்கிறார். கையில் தட்டுப்படும் கட்டியை நான்கு மாதம் உள்ளேயே வைத்திருப்பது சரியா? பயாப்சி ஊசி குத்தியதாலேயே பரவிவிடும் என்று மாமா பயமுறுத்துகிறார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதே நோய்க்கு முதலில் ஆபரேஷன் செய்து, பிறகு சிவப்பு மருந்து ஏற்றினார்கள். அம்மாவுக்கு அந்த மருந்தே இல்லை என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: கோப்பில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்பியதற்கு நன்றி. ‘அம்மாவுக்குக் கேன்சர், என்ன செய்யலாம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் என்னால் ஆறுதல் சொல்ல முடிந்திருக்குமே தவிர, பதில் சொல்ல முடிந்திருக்காது. உங்கள் அம்மாவை நான் நேரில் பரிசோதிக்கவில்லை. ஆகவே அவரைப் பார்க்கும் மருத்துவரின் சொல்லுக்கு மேலாக என் சொல்லை வைக்க வேண்டாம். ஆனால் அந்த இரண்டு வரிகள் என்ன சொல்கின்றன, ஏன் அந்த வரிசையில் சொல்கின்றன என்பதை விளக்க எனக்கு அவை போதும்.

முதல் வரியில் டி என்பது கட்டியின் அளவு. 2 என்றால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல், ஐந்துக்கு மிகாமல். என் என்பது நிணநீர் முடிச்சு. 1 என்றால் அக்குளில் நெறி கட்டியிருக்கிறது, ஆனால் அது இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் விரலுக்கு நகர்கிறது என்று பொருள். எம் என்பது உடலின் வேறு இடங்களுக்குப் பரவியிருக்கிறதா என்பது. அந்த எம்முக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பூஜ்யத்தைத்தான் நான் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் தேடுவேன். பூஜ்யம் இருப்பதால், உங்கள் அம்மாவுக்கு எழுதப்பட்டிருப்பது நோயை அடக்கி வைப்பதற்கான சிகிச்சை அன்று, குணமாக்கும் நோக்கில் எழுதப்பட்ட சிகிச்சை. திட்டம் நீளமாகவும் கடுமையாகவும் தோன்றுவதற்குக் காரணமும் அதுவே.

அடுத்து வரும் மூன்று சொற்கள், கட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைச் சொல்கின்றன. ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் நெகட்டிவ் என்பதால் பெண்மை ஹார்மோன்களைக் கொண்டு இந்தக் கட்டி வளரவில்லை. எனவே மார்பகப் புற்றுநோய் கண்ட பலரும் ஐந்து ஆண்டுகள் விழுங்கும் ஹார்மோன் மாத்திரை இவருக்குத் தேவைப்படாது. ஹெர்2 என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். எல்லோருடைய செல்களிலும் அது கொஞ்சம் இருக்கும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 100க்கு 15 முதல் 20 பேருக்கு அது அளவுக்கு மீறிப் பெருகி, செல்லை ஓயாமல் ‘வளர், வளர்’ என்று ஏவிக்கொண்டிருக்கும். ஆய்வகம் அதை 0 முதல் 3+ வரை மதிப்பிடும். 2+ வந்தால் ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை வேண்டும். 3+ என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

நான் மாணவனாக இருந்த காலத்தில் ஹெர்2 பாசிட்டிவ் என்பது கெட்ட செய்தி. வேகமாக வளரும், சீக்கிரம் திரும்பும். 1998இல் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்த பிறகு கதை மாறிவிட்டது. அது அந்தப் புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அதன் ஏவலை அடைக்கும் எதிர்ப்பொருள். நோய்க்கு எது பலமாக இருந்ததோ, அதையே பிடித்து மடக்கும் பிடியாக்கிக்கொண்டோம். டி.சி.எச்.பி. என்ற நான்கெழுத்தில் எச் என்பது அதன் பழைய வணிகப் பெயரிலிருந்து வந்த எழுத்து. பி என்பது பெர்டுசுமாப், அதே புரதத்தை வேறோர் இடத்தில் பிடிப்பது. டி, சி ஆகிய இரண்டும் டோசிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற வழக்கமான கீமோ மருந்துகள்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அறுவை என்பது மார்பையும் அக்குளையும் மட்டும் சுத்தம் செய்யும். நோய் அக்குள் வரை வந்துவிட்டது என்றால், ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சிறிய சில செல்கள் இரத்தத்தின் வழியே வேறெங்கேனும் போய் உட்கார்ந்திருக்கக் கூடும் என்று கருதியே நாங்கள் நடக்கிறோம். பெட் ஸ்கேன் எவ்வளவு நல்ல கருவியானாலும் ஓரிரு மில்லிமீட்டர் கூட்டத்தை அதனால் காட்ட முடியாது. அந்தச் செல்களைத் தேடிப் போகும் வேலை மருந்துக்கு உரியது. ஆக, உங்கள் அம்மாவுக்கு மருந்து வேண்டுமா என்ற கேள்வியே இல்லை. அறுவைக்கு முன்பா பின்பா என்பது மட்டுமே கேள்வி. அடுத்த வாரமே அறுவை செய்துகொண்டாலும் அதே மருந்துகளைத்தான் அதற்குப் பின் ஏற்ற வேண்டியிருக்கும்.

முன்பு கொடுத்தால் உயிருக்கு ஆபத்து கூடுமோ என்ற ஐயம் மருத்துவர்களுக்கும் இருந்தது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவரின் தலைமையில் இயங்கிய குழு, 1988இல் தொடங்கி 1500க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தை அறுவைக்கு முன்பும் மற்றொரு பிரிவுக்குப் பின்பும் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தது. பிழைத்திருந்தோர் எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. கட்டியை உள்ளே வைத்திருந்த அந்த மாதங்களால் யாருக்கும் ஆயுள் குறையவில்லை. மாறாக, முன்பே மருந்து வாங்கியவர்களில் கூடுதலான பெண்கள் மார்பை முழுதும் இழக்காமல் தப்பினார்கள்.

உயிர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான் என்றால் முன்பே கொடுப்பதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். கட்டி கண்ணெதிரே இருக்கும்போது மருந்து கொடுத்தால், மருந்து வேலை செய்கிறதா என்பதை ஒவ்வொரு சுற்றிலும் கையால் தொட்டே பார்க்கலாம். கட்டியை எடுத்துவிட்டுக் கொடுத்தால், அதே மருந்தை இருட்டில் கொடுக்கிறோம். வேலை செய்ததா இல்லையா என்பது நோய் திரும்பினால்தான் தெரியும். ஈ.ஆர். நெகட்டிவ், ஹெர்2 பாசிட்டிவ் வகையில் இந்த நான்கு மருந்துகளும் சேர்ந்தால், பாதிக்கும் மேற்பட்டோருக்கு அறுவையில் எடுத்த சதையில் மைக்ரோஸ்கோப்புக்குக்கூட உயிருள்ள புற்றுச் செல் கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. அவர்களுக்கு மிச்ச ஓராண்டுக் கணக்கை ஹெர்2 மருந்தோடு முடித்துவிடலாம்.

மிச்சம் இருந்தால்? அதைத் தெரிந்துகொள்வதில்தான் இந்த வரிசையின் முழுப் பயனும் இருக்கிறது. அப்படி மிச்சம் இருந்த 1400க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு, 2018ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஆய்வு ஒன்றில், அறுவைக்குப் பிறகு பாதிப் பேருக்குப் பழைய டிராஸ்டுசுமாப்பும், பாதிப் பேருக்கு அதனுடன் ஒரு கீமோ மருந்தைக் கோத்துச் செய்த டிராஸ்டுசுமாப் எம்டான்சினும் 14 சுற்றுகள் தரப்பட்டன. மூன்று ஆண்டுகள் கழிந்தபோது பழைய மருந்தில் 100க்கு 77 பேரும், புதியதில் 88 பேரும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஆனால் அந்த மருந்து யாருக்கு வேண்டும் என்று முடிவு செய்ய, மருந்துக்குப் பிந்தைய சதையைப் பார்த்தாக வேண்டும். அடுத்த வாரமே அறுவை செய்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே உங்கள் அம்மாவுக்குப் போய்விடும். உங்கள் ஊர் அறுவை மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. கட்டி சிறியது, அக்குளில் ஒன்றும் இல்லை என்றால் நானும் முதலில் அறுவை என்றுதான் சொல்வேன். பக்கத்து வீட்டு அக்காவின் கோப்பைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

அவருக்கு ஏற்றிய சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின். நல்ல மருந்துதான், ஆனால் அது இதயத் தசையைப் பாதிக்கலாம், டிராஸ்டுசுமாப்பும் வேறு வகையில் இதயத்தைத் தளர்த்தலாம். சிவப்பு மருந்தே இல்லாமல் அதே பலனைப் பெற முடியும் என்பதால்தான், பத்து ஆண்டுச் சர்க்கரை நோயாளியான உங்கள் அம்மாவுக்கு இந்தக் கூட்டணியைத் தேர்ந்திருக்கிறார்கள். அதைக் கவனக்குறைவு என்று எண்ண வேண்டாம், கவனம் என்றே நான் வாசிக்கிறேன். தொடங்குமுன் ஒரு எக்கோ எடுத்திருப்பார்கள். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைத் திரும்ப எடுப்பார்கள். இதயம் இரத்தத்தைத் தள்ளும் திறன் குறைந்தால் மருந்தைச் சிறிது காலம் நிறுத்துவார்கள், பெரும்பாலும் அது மீண்டுவிடும். எக்கோ தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

‘ஆறு சுற்று’ என்பதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் ஒரு முறை பார்த்துவிடலாம். மருந்து ஏற்றும் நாள் காலையில் உயரமும் எடையும் பார்ப்பார்கள். இது சடங்கு அன்று. 155 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவரின் உடல் பரப்பு ஏறக்குறைய 1.6 சதுர மீட்டர். டோசிடாக்சல் ஒரு சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் என்பதால் அவருக்கு 120 மில்லிகிராம். கார்போபிளாட்டினை உடல் பரப்பைக் கொண்டு கணக்கிடுவதில்லை, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் கொண்டு கணக்கிடுகிறோம். கிரியாட்டினின் சோதனையை ஒவ்வொரு முறையும் கேட்பது இதனால்தான். டிராஸ்டுசுமாப் எடைக் கணக்கு, கிலோவுக்கு முதல் முறை 8 மில்லிகிராம், பிறகு 6. பெர்டுசுமாப் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே நாளில் ஏற்றிக்கொள்ளும் நான்கு மருந்துகளுக்கு நான்கு விதமான கணக்கு இருக்கிறது என்றால், ‘பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பெரிய பாட்டில், நமக்குச் சின்ன பாட்டில்’ என்ற ஒப்பீட்டில் பொருளில்லை என்பது புரிந்திருக்கும்.

ஏன் 21 நாள் இடைவெளி? கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களை எல்லாம் தாக்கும். எலும்பு மஜ்ஜையும் அதில் அடிபடும். வெள்ளை அணுக்கள் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் அடிமட்டத்துக்குப் போய், மூன்றாம் வாரத்தில் மீண்டு வரும். அதற்குள் அடுத்த மருந்தை ஏற்றினால் உடல் தாங்காது. மிகவும் தள்ளிப்போட்டால் புற்றுச் செல்லும் மூச்சு விட்டுக்கொள்ளும். கவுண்ட் ஏறவில்லை என்று ஒரு வாரம் தள்ளினால் திட்டம் கெட்டுவிட்டதாகக் கலங்க வேண்டாம். ‘கொஞ்சம் தெம்பு வரட்டும்’ என்று நீங்களாக ஒரு மாதம் தள்ளுவதுதான் தவறு. மருந்து ஏற்றிய மறுநாள் அணுக்களைக் கூட்டும் ஓர் ஊசி தொப்புளைச் சுற்றியுள்ள தோலுக்கடியில் போடுவார்கள். அதனால் இடுப்பும் முதுகும் வலிக்கும். அது நல்ல வலி.

அந்த அடிமட்ட நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், மணி இரவு இரண்டானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். எங்கள் துறையில் நான் அதிகம் பயப்படும் வாக்கியம், ‘ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம்’ என்பதுதான். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது இப்போதைக்குப் போதாது.

உங்கள் அம்மாவுக்கே உரிய இன்னொன்று உண்டு. டோசிடாக்சலால் ஒவ்வாமையும் நீர்க்கோவையும் வராமலிருக்க, முந்தைய நாள் தொடங்கி மூன்று நாட்கள் டெக்சாமெத்தசோன் மாத்திரை தருவார்கள். அது ஸ்டீராய்டு, அந்த நாட்களில் சர்க்கரை 300, 400 என்று எகிறும். சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி அந்த நாட்களுக்கான இன்சுலின் அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடக் கூடாது. பெர்டுசுமாப்பால் வயிற்றுப்போக்கு வரும். அதற்கான மாத்திரையை முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள். முடி உதிரும், திரும்ப முளைக்கும். விரல் நுனி மரத்துப்போவதாகச் சொன்னால் அதைச் சின்ன விஷயம் என்று விடாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள், ஏனெனில் சர்க்கரையால் ஏற்கெனவே களைத்த நரம்புகள் அவை. லேகியம், பஸ்பம் எதுவும் இந்த மாதங்களில் வேண்டாம். கல்லீரலில் எது என்ன செய்தது என்று பிரித்தறிய முடியாமல் கீமோவையே நிறுத்த வேண்டி வந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

பயாப்சி பற்றிய மாமாவின் பயம் ஊருக்கு ஊர் உள்ளது. ஊசி போன தடத்தில் எப்போதாவது சில செல்கள் ஒட்டிக்கொள்வதுண்டு. பின்னர் வரும் மருந்தும் கதிர்வீச்சும் அவற்றையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளும். பயாப்சியால் யாருடைய ஆயுளும் குறைவதாகக் காணப்படவில்லை. அந்த ஊசி இல்லாமல் ஹெர்2 என்ற சொல்லே உங்கள் கோப்பில் வந்திருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மருந்தில் கட்டி முழுதும் கரைந்துவிட்டால், அம்மாவின் நோய் எப்படிப்பட்டது என்பதற்கு இவ்வுலகில் மிஞ்சும் ஒரே சாட்சி அந்தப் பயாப்சி சதைதான். ஆய்வகத்தில் அதை மெழுகுக் கட்டியில் பதித்து ‘பிளாக்’ என்று வைத்திருப்பார்கள். வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றுக்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: ‘கட்டியில் கிளிப் வைத்தாகிவிட்டதா?’ அது எள்ளளவு உலோகத் துணுக்கு. மருந்தில் கட்டி கரைந்து போனால், அறுவை மருத்துவருக்கு எந்த இடத்தை எடுப்பது என்று காட்ட அது ஒன்றுதான் அடையாளம். மார்பைக் காக்க நினைத்தால் இது அவசியம். அக்குள் முடிச்சிலும் வைக்கலாம். பல குடும்பங்களில் வேடிக்கை ஒன்று நடக்கும். முதல் மாதம் ‘ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை’ என்று என் மேசையைத் தட்டிய மகனே, நான்காம் சுற்றில் கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போனதும், ‘கட்டிதான் கரைந்துவிட்டதே டாக்டர், இனி ஆபரேஷன் எதற்கு’ என்று கேட்பார். கைக்குத் தட்டுப்படாததும் ஸ்கேனில் தெரியாததும் ‘இல்லை’ என்பதற்குச் சான்றாகா. சதையை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். அறுவையைத் தவிர்க்க வேண்டாம். ஆறாம் சுற்று முடிந்து ஏறத்தாழ மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் அதற்கு நாள் குறிப்பார்கள்.

கதிர்வீச்சு, அதாவது நம் பக்கத்தில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்களே, அது இப்போது பல இடங்களில் மூன்று வாரங்களில் முடிந்துவிடுகிறது. வலிக்காது, தோல் கறுக்கும். மார்பைக் காக்கும் அறுவை என்றால் பொதுவாக அதை விட முடியாது. உங்கள் அம்மாவுக்குக் கட்டி இடப்பக்கம் என்பதால், மூச்சை இழுத்துப் பிடித்து இதயத்தை விலக்கும் முறை அங்கே உண்டா என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனால் கடிதங்களில் எழுதப்படாமல் இருப்பது பெரும்பாலும் அதுதான். டிராஸ்டுசுமாப் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2015 முதல் இருக்கிறது. இந்தியாவிலேயே தயாராகும் அதன் உயிரொத்த மருந்துகளும் கிடைப்பதால் விலை பழைய உச்சத்தில் இல்லை. பெர்டுசுமாப் கூடுதல் சுமை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சையின் எந்தெந்தப் பகுதிக்கு அது பொருந்தும் என்பதை மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் முதல் சுற்றுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். முழுத் திட்டத்துக்கும் கை வராது என்றால் அதை இப்போதே, கூச்சமில்லாமல், மருத்துவரிடம் சொல்லுங்கள். பெர்டுசுமாப் இல்லாத திட்டமும் சிகிச்சைதான். டிராஸ்டுசுமாப்பைப் பாதியில் நிறுத்திய திட்டம் நல்ல சிகிச்சை அன்று. நகையை வைத்து இரண்டு சுற்று முழுமையாக ஏற்றிவிட்டு மூன்றாவதில் காணாமல் போனவர்களைவிட, எளிய திட்டத்தை ஓராண்டு முழுதும் முடித்தவர்களைப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சி அதிகம்.

கோப்பில் இருப்பதை ஒரு தடவை எழுதி முடித்துவிட்ட தீர்ப்பாக எண்ண வேண்டாம். இரண்டு சுற்று முடிந்ததும் கட்டியை அளப்பார்கள்; குறையாமல் வளர்ந்தால் அப்போதே மருந்தை மாற்றுவார்கள் அல்லது அறுவையை முன்னே கொண்டுவருவார்கள். எக்கோ வரும்போது ஒரு முறை, அறுவைக்குப் பிந்தைய சதை அறிக்கை வரும்போது ஒரு முறை என, திட்டம் திரும்பிப் பார்க்கப்படும் இடங்கள் உண்டு. இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள். அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்று துறையினரும் கூடிப் பேசும் டியூமர் போர்டு உள்ள இடமாக இருக்கட்டும். அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு உங்கள் ஊரிலிருந்து போய்வர முடியும். பிளாக்கும் ஸ்லைடும் கையில் இருந்தால் ஒரு வாரத்துக்குள் பதில் வாங்கிவிடலாம். அந்த ஒரு வாரத்தால் நோய்க்கு ஒன்றும் கூடிவிடாது.

ஊர் அறுவை மருத்துவரிடம் நன்றி சொல்லி, ஹெர்2 அறிக்கையையும் ‘என்1’ என்ற எழுத்தையும் காட்டுங்கள். பார்த்ததும் அவரே மருந்து முதலில் என்று சொல்லக் கூடும். எக்கோ, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை, கிளிப் ஆகிய மூன்றும் முடிந்திருந்தால் முதல் சுற்றுக்கான தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்று முடிந்து கட்டியை அளந்த பிறகு, அந்த அளவைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள்.